13 வயதுப் பையனை உள்ளே தங்கவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சேலம், ஏற்காடு பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொண்டலாம்பட்டி_அம்மா
ஞாயிறு, இரவு 10:52

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு 13 முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு. போன தீபாவளிக்கு அப்புறம்தான் இதெல்லாம் ஆரம்பித்தது என்று நான் சொல்வேன். என் மாமியாரைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறான். இரண்டு செல்போன், பீரோ கண்ணாடி எல்லாம் போயிற்று. தை மாதம் தங்கையின் கையை முறுக்கியதில் எலும்பில் விரிசல். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "நீங்களே டிசி வாங்கிட்டா உங்களுக்கு மரியாதை" என்றார்கள். வாங்கிவிட்டோம். ஒரு மனநல மருத்துவரிடம் இரண்டு மாதமாகக் காட்டுகிறோம். மாத்திரையைத் துப்பிவிடுகிறான்.

வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். அவருடைய அண்ணன் மலையடிவாரத்தில் ஓர் இடம் சொன்னார். ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். மாதம் 28,000. முதல் 45 நாள் பெற்றோர் பார்க்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. "பார்த்தா பையன் இளகிடுவான், அப்புறம் திருத்த முடியாது" என்கிறார்கள். நோட்டீஸில் பெரிய எழுத்தில் "தரமான பராமரிப்பே எங்கள் உறுதி" என்று போட்டிருக்கிறது.

போன சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். தோட்டம், பிரார்த்தனை மண்டபம், டைல்ஸ் போட்ட தரை, ஒரு குறையும் சொல்ல முடியாது. பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். ஆனால் படுக்கும் அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. உள்ளே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்றார்.

இது சாதாரணமா? ஒரு நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?


மலையடிவாரம்
ஞாயிறு, இரவு 11:15

அக்கா, தாழ்ப்பாளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பையன் கையை விட்டுப் போய்விடுவான். என் அக்கா மகனும் இப்படித்தான் இருந்தான். கண்டிப்பான ஹாஸ்டலில் போட்டோம், ஒரே வருஷத்தில் சரியாகிவிட்டான். ஏற்காட்டில் நூறு வருஷமாக வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து விடுதியில் தங்கிப் படிக்கவில்லையா? வீட்டில் செல்லம் ஜாஸ்தி, அதுதான் வியாதி.


இரவுப்பணி
திங்கள், அதிகாலை 1:34

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். இந்த மாதிரி ஓர் இடத்தில் நான்கு வருஷம் இரவு வேலை பார்த்தேன். எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். இப்போது அது இல்லை.

ஹாஸ்டல் வேறு, இது வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் பிள்ளை ராத்திரி தூங்கும். நாங்கள் வைத்திருந்த பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

பகலில் எங்கள் இடமும் நீங்கள் பார்த்தது மாதிரிதான் இருக்கும். கவுன்சிலிங் மேடம் வருவார், யோகா நடக்கும், டாக்டர் வாரம் ஒரு தடவை வருவார். எட்டு மணிக்குச் சாப்பாடு முடியும். எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் விடியும் வரை 32 பிள்ளைகள், நான் ஒருத்தன். வாட்ச்மேன் கேட்டில் இருப்பார், அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார்.

ஒரு பையன் இருந்தான், பத்து வயது. படுத்த அரை மணி நேரத்தில் தலையைச் சுவரில் மோத ஆரம்பிப்பான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தால் முக்கால் மணியில் தூங்கிவிடுவான். வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் நான் அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அந்தப் பக்க ஹாலில் சண்டை நடக்கும். ஒரு நாள் வேறு வழி தெரியாமல் அவனைச் சின்ன அறையில் விட்டு வெளியே தாழ் போட்டேன். பாய் மட்டும் கொடுத்தேன். மறுநாளும் போட்டேன். மூன்றாவது நாள் அதுவே பழக்கமாகிவிட்டது.

காலையில் ரிப்போர்ட் நோட்டில் எழுத வேண்டும். "இரவு அமைதி" என்று எழுதுவேன். நான்கு வருஷ நோட்டையும் புரட்டிப் பார்த்தால் எல்லா ராத்திரியும் அமைதிதான். ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, நல்லா நடக்குது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

அதனால் கேட்கிறீர்களே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று. தோட்டத்தைப் பார்க்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி எட்டரைக்கு மேல் போங்கள். எத்தனை பிள்ளைகள், விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரவு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினாலும் போதும். எல்லாப் பக்கத்திலும் அமைதி என்று இருந்தால் வந்துவிடுங்கள்.


மனநலப்பணியாளர்_சேலம்
திங்கள், காலை 7:20

மேலே எழுதியவருக்கு நன்றி. இதை எழுதச் சுலபத்தில் யாருக்கும் மனம் வராது.

நான் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்ப்பதற்கென்றே 87-ஆம் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவர் பார்த்தால் மட்டும் போதாது. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் அவரோடு இன்னொருவரும் (மருத்துவ உளவியலாளர் போன்ற மனநலத் தொழில்முறையாளரோ, பொது மருத்துவரோ), தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் சேர்க்கிற நாளிலோ, அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ. வெளியிலிருந்தபடியே செய்யக்கூடிய சிகிச்சை எல்லாம் பலிக்கவில்லை, அல்லது பொருந்தாது என்று தெரிந்த பிறகுதான் சேர்க்கலாம். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியம் ஏழு நாளுக்குள் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் 30 நாளுக்கு ஒருமுறை.

இனி முக்கியமானது. பெற்றோரோ, பெற்றோர் ஏற்பாடு செய்த துணையாளரோ சிகிச்சைக் காலம் முழுக்கப் பிள்ளையோடு அங்கேயே தங்க வேண்டும். பெண் பிள்ளை, பாதுகாவலர் ஆண் என்றால் பெண் துணை கட்டாயம். இப்போது நீங்களே பாருங்கள் அம்மா. 45 நாள் பார்க்கவே கூடாது என்பவர்கள் எந்தச் சட்டப்படி நடத்துகிறார்கள்?

அடுத்து 97-ஆம் பிரிவு. தனி அறையில் அடைப்பது அறவே கூடாது. கட்டிப்போடுவது, பிடித்து வைப்பது எல்லாம் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு மட்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இரவுப்பணி ஐயா எழுதியதைப் படித்தபோது அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

தாழ்ப்பாள் பற்றி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அது நடந்தது நம் மாநிலத்தில்தான். வெளியே மட்டும் தாழ்ப்பாள் உள்ள கதவைப் பார்த்து உங்களுக்கு உறுத்தியது சந்தேகப் புத்தி கிடையாது.

இன்னொன்று, பதிவுச் சான்றிதழ். பலர் ஏதோ ஒரு சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது எந்தச் சட்டத்தின் கீழ் என்று கிட்டே போய்ப் படியுங்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டம். மாற்றுத்திறனாளி இல்லம் என்றால் 2016 சட்டம். மனநலச் சிகிச்சை தருகிறோம் என்றால் 2017 சட்டப் பதிவு இருக்க வேண்டும். டிரஸ்ட் பதிவு எண்ணைக் காட்டி ‘அரசு பதிவு பெற்றது’ என்பார்கள். அதற்கும் சிகிச்சைக்கும் சம்பந்தம் இல்லை.


தாரமங்கலத்தான்
திங்கள், காலை 9:05

சட்டம் எல்லாம் சரிங்க. பெற்றவர் ஒருத்தர் கூடவே தங்கணும் என்கிறீர்கள். தறி ஓட்டுகிறவன் ஒரு மாதம் தறியை நிறுத்தினால் வீட்டில் உலை கொதிக்காது. இந்த விதியை எழுதியவர்களுக்கு மாதச் சம்பளம் வந்திருக்கும். இதனால்தான் ஜனங்கள் "கொண்டு வந்து விட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்கிற இடத்துக்கு ஓடுகிறார்கள்.


மனநலப்பணியாளர்_சேலம்
திங்கள், காலை 9:40

நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். அம்மாவோ அப்பாவோதான் என்று இல்லை. பாட்டி, சித்தி, நீங்கள் நம்பி அனுப்புகிற யாராக இருந்தாலும் துணையாளர்தான். இரண்டு பேர் வாரம் மாற்றித் தங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, துணையாள் விதி காவலுக்கு மட்டும் இல்லை. பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று அங்கே கற்றுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவதற்கும்தான். கற்றவர் நர்ஸ் மட்டும் என்றால் பையன் நர்ஸிடம் நன்றாக இருப்பான், வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.


இரண்டுபிள்ளை_அப்பா
திங்கள், மதியம் 2:18

என் பெரியவனை பெங்களூர் நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநல வார்டில் சேர்த்திருந்தோம். நாலு வருஷம் ஆகிறது. அப்போது அவனுக்கு 12. ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, சேலத்திலிருந்து பஸ்ஸில் போனாலும் கஷ்டம் இல்லை. முதலில் புறநோயாளியாகப் பல தடவை அலைந்தோம். சேர்த்த பிறகு மூன்று வாரம் என் மனைவி கூடவே இருந்தாள். நான் சனி ஞாயிறு போவேன்.

அங்கே என்ன பெரிய வைத்தியம் செய்தார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். முதல் வாரம் என் மனைவி கையில் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள், அவ்வளவுதான். மூன்று பத்தி. கோபம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கப்புறம் மற்றவர்கள் என்ன செய்தார்கள். "காரணமே இல்லாம கத்துறான்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மணியைப் போடுங்கள், யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள் என்பார்கள்.

பத்து நாள் எழுதிய பிறகு, வீட்டில் இருந்தபோது நடந்தவற்றையும் ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னார்கள். அதில் ஒன்று தெரிந்தது. பத்தில் ஏழு தடவை, கணக்கு நோட்டை எடுத்து வா என்று நான் சொன்ன பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது. அவன் கத்தினால் என்ன நடக்கும்? நான் பெல்ட்டை எடுப்பேன், அவள் குறுக்கே வருவாள், எங்கள் இருவருக்கும் சண்டை, கணக்கு நோட்டு மறந்துபோகும். அவனுக்குக் கத்தினால் கணக்கு இல்லை. இதை ஒரு சின்ன வயசு டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்புறம் பரிசோதித்ததில் அவனுக்குக் கற்றல் குறைபாடு. எண்கள் அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஏழாம் வகுப்பு வரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

மாத்திரையும் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று பசியை அதிகமாக்கும், எடை கூடும் என்று முன்னாலேயே சொல்லி, எடை பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு நாள் என்று எங்களிடம் சொல்லாமல் ஒன்றையும் மாற்றவில்லை. நீங்கள் பார்க்கப்போகும் இடத்தில் பிள்ளைகள் பகலிலேயே கண் சொக்கி உட்கார்ந்திருந்தால் அதைக் கவனியுங்கள். அமைதியான பிள்ளை வேறு, மருந்தில் மயங்கிய பிள்ளை வேறு.

பெல்ட்டை விட்டுவிட்டேன். சுலபமாக இல்லை.


அருவி73
திங்கள், மாலை 6:47

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் தாய்மை என்கிற மாதிரி போகிறது, அதனால் சொல்கிறேன்.

என் மகளுக்குக் கடுமையான ஆட்டிசம். பேச்சு இல்லை. 15 வயதில் என்னைவிட உயரம். கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துக்கொள்வாள். கணவர் இல்லை. ஒரு வருஷம் நான் மொத்தமாக ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கியிருப்பேன் ஒவ்வொரு நாளும். ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்து தூங்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் தங்கவைத்துப் பார்க்கும் இடம் தேடினேன். மாவட்டம் தாண்டி ஓர் இடம் கிடைத்தது, இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாள். நல்ல இடம். எப்படிச் சொல்கிறேன் என்றால், சேர்க்கும்போது அவர்கள் என்னிடம் 40 கேள்வி கேட்டார்கள். தூங்கும்போது எந்தப் பக்கம் படுப்பாள், தலைக்கு எண்ணெய் வைக்க விடுவாளா, வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவாள் என்று. கட்டணத்தைப் பற்றிப் பேசியது கடைசியில். முதல் வாரம் என்னையும் பக்கத்து அறையில் தங்கவைத்தார்கள். நான் எந்த நேரத்தில் போனாலும் உள்ளே விடுவார்கள், சமையலறை வரைக்கும். அவளுக்குத் தட்டுவடை செட் பிடிக்கும், வாங்கிக்கொண்டு போவேன். காரம் இல்லாமல், பீட்ரூட், கேரட் துருவல் மட்டும் போட்டு.

உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் "எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்கிற இடம் வேண்டாம். ஆனால் தேடுவதே தப்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.


ஓஹையோ_சேலத்துக்காரி
செவ்வாய், காலை 6:30

அம்மாபேட்டைதான் சொந்த ஊர். இங்கே அமெரிக்காவில் குழந்தைகள் நலத் துறை சார்ந்த வேலை. பணம் கொட்டுகிற நாட்டில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இங்கே பிள்ளைகளை மாதக்கணக்கில் தங்கவைத்துச் சிகிச்சை தரும் நிலையங்கள் பெரிய வியாபாரம். 2024 ஜூனில் செனட்டின் நிதிக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு பெரிய நிறுவனங்களின் நிலையங்களை ஆராய்ந்து, அடி, பாலியல் கொடுமை, தேவையில்லாமல் கட்டிப்போடுவது, ஆள் போதாமை எல்லாம் தொடர்ந்து நடப்பதாக எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், இத்தகைய நிலையங்களில் நடக்கும் கொடுமையைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டமும் கையெழுத்தானது. அதற்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்களில் ஹில்டன் ஹோட்டல் குடும்பத்துப் பாரிஸ் ஹில்டனும் ஒருவர். பதின்ம வயதில் அவரையே அப்படி ஓர் இடத்தில் வைத்திருந்தார்கள். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி.

இங்கே உள்ள விதிகளில் இரண்டு எனக்குப் பிடிக்கும். ஒன்று, அரசு மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் மனநல உறைவிடங்களில் பிள்ளையைக் கட்டுப்படுத்த மருத்துவ உத்தரவு வேண்டும், அந்த உத்தரவுக்கே ஆயுசு உண்டு. ஒன்பது வயதுக்குக் கீழ் என்றால் ஒரு மணி நேரம், ஒன்பதிலிருந்து 17 வரை இரண்டு மணி நேரம். அதற்குமேல் அது செல்லாது. இன்னொன்று, 2018-இல் வந்த சட்டம். வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது அரசு பொறுப்பில், உள்ள பிள்ளையைத் தகுதி பெற்ற சிகிச்சை இல்லத்தில் வைத்தால், 30 நாளுக்குள் தனி மதிப்பீடு, 60 நாளுக்குள் நீதிமன்றம் பார்க்க வேண்டும். வெளியே வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் அந்த இல்லமே குடும்பத்தோடு தொடர்பில் இருந்து உதவ வேண்டும்.

இந்த ஆறு மாத விஷயத்தை நீங்களும் கேளுங்கள். "பையன் வீட்டுக்கு வந்த மறுவாரம் திரும்ப எறிய ஆரம்பித்தால் நான் யாருக்குப் போன் செய்வது?" என்று. பதில் சொல்லாமல் இழுத்தால் புரிந்துகொள்ளலாம்.

தரச்சான்று பற்றி ஒரு வார்த்தை. அந்த அறிக்கையில் பெயர் அடிபட்ட பல இடங்களின் சுவரிலும் தரச்சான்று தொங்கியது.


பழைய_மாணவன்
செவ்வாய், இரவு 9:11

14 வயதில் என்னை ஓர் இடத்தில் விட்டார்கள். இப்போது 29. பெயர், ஊர் வேண்டாம்.

போன அன்றே மொட்டை அடித்தார்கள். பேன் இருக்கிறது என்றார்கள். எனக்குப் பேன் இல்லை. மாதம் ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டு வார்டன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கேம்மா" என்பேன். அம்மா அழுதுகொண்டே "அப்பாடா" என்பார். அந்த ‘அப்பாடா’வைக் கேட்டபிறகு வேறு எதுவும் சொல்லத் தோன்றாது.

வெளியே வந்தபோது ரொம்ப மரியாதையான பையனாக இருந்தேன். எல்லாரும் மெச்சினார்கள். யார் கையைத் தூக்கினாலும் குனிந்துவிடுவேன், அவ்வளவுதான். காலேஜில் பாதியில் எல்லாம் உடைந்தது. அது வேறு கதை.

உங்கள் பையனிடம் கேட்டீர்களா? முழு இழையையும் படித்தேன், அவன் என்ன சொன்னான் என்று எங்கேயும் இல்லை.


மனநலப்பணியாளர்_சேலம்
செவ்வாய், இரவு 9:58

தம்பி, வற்புறுத்தி மொட்டை அடிப்பது இப்போது சட்டப்படி குற்றமான நடத்தை. 20-ஆம் பிரிவில் இருக்கிறது. சொந்த உடையை உடுத்தும் உரிமையும் அங்கேதான். உங்களுக்கு அது ரொம்பத் தாமதம் என்று தெரியும்.

கடைசியாகக் கேட்டீர்களே, அதுவும் சட்டத்திலேயே உண்டு. பிள்ளையின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ள முடியுமானால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் சேர்க்க வேண்டும்.


மலையடிவாரம்
புதன், காலை 8:02

நான் எழுதியதற்கு இன்பாக்ஸில் திட்டு வந்துகொண்டிருக்கிறது. என் அக்கா மகன் நன்றாகத்தான் இருக்கிறான், அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. அவனுக்கு வியாதி இல்லை, சேட்டை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.


நெறியாளர்
புதன், காலை 8:30

இன்பாக்ஸ் திட்டுகளை நிறுத்துங்கள். நிலையங்களின் பெயரைக் கேட்டோ சொல்லியோ வந்த பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. அவசரம் என்றால் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.


கொண்டலாம்பட்டி_அம்மா
ஞாயிறு, இரவு 11:20

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், பதில் போட நேரம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பட்டறையிலிருந்து அவரைச் சீக்கிரம் வரச் சொல்லி, வந்ததும் வண்டியை எடுக்கச் சொன்னேன். அடிவாரம் போய்ச் சேரும்போது மணி 8:50. கேட்டில் இருந்த பெரியவர் டார்ச்சை முகத்தில் அடித்தார். "பசங்க தூங்கிட்டாங்க, காலையில வாங்க" என்றார். உள்ளே டிவி சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "உள்ள ஒரு அண்ணன் இருப்பாரு. இன்னைக்கு அவரு லீவு" என்றார். பாவம், மறைக்கக்கூடத் தெரியவில்லை அவருக்கு. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். அஸ்தம்பட்டி வரைக்கும் பேசவில்லை.

சனிக்கிழமை ஓமலூர் பக்கம் இன்னோர் இடம். சின்னது, 12 பேர்தான். நைட்டில் இரண்டு பேர், அதில் ஒருவர் நர்ஸ் அம்மா. எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்படவில்லை, ஆனால் கதவைத் திறந்தார். நோட்டைக் கேட்டேன். யோசித்துவிட்டு, பெயர் இருக்கும் ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு காட்டினார். "1:10 எழுந்தான். அம்மா வேண்டும் என்றான். பால் கொடுத்தேன். 2:25 தூங்கினான்." அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில், "இவனிடம் நான் சத்தம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. காலையில் மேடத்திடம் சொல்ல வேண்டும்." ஒரு பக்கம்கூட அமைதி என்று இல்லை. இரவுப்பணி ஐயா, உங்களைத்தான் நினைத்தேன்.

அங்கே நான் கூடத் தங்க வேண்டும் என்கிறார்கள். இடம் அடுத்த மாதம்தான் காலியாகும்.

நடுவில் வெள்ளிக்கிழமை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். கூட்டம்தான், ஆனால் டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். மாத்திரையைத் துப்புவதற்குக் காரணம், விழுங்கினால் தொண்டையில் ஒட்டி வாந்தி வருகிறதாம். என்னிடம் சொல்லவே இல்லை. சொட்டு மருந்தாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

பழைய_மாணவன் தம்பி, அவனிடம் கேட்டேன். முதலில் எழுந்து போய்விட்டான். ராத்திரி அவனாகவே வந்து, "அங்க போனா அப்பா வருவாரா" என்று கேட்டான். வரவேண்டும் என்று கேட்கிறானா, வரக் கூடாது என்று கேட்கிறானா, எனக்குத் தெரியவில்லை. வருவார் என்றேன். அப்படியே படுத்துவிட்டான்.

இரண்டுபிள்ளை_அப்பா சொன்ன மூன்று பத்தி நோட்டைத் தொடங்கியிருக்கிறேன். மூன்று நாள் எழுதியாயிற்று. மூன்று நாளும் அவர் பட்டறையிலிருந்து வருவது 9:40. சத்தம் ஆரம்பிப்பது 9:50.


இரண்டுபிள்ளை_அப்பா
ஞாயிறு, இரவு 11:41

அந்தப் பத்து நிமிஷத்தையும் எழுதுங்கள்.


கொண்டலாம்பட்டி_அம்மா
ஞாயிறு, இரவு 11:49

எழுதியிருக்கிறேன். இங்கே போடவில்லை. நாளைக்கு அவரிடம் முதலில் காட்டுகிறேன்.